டேங்க் என் பொறுப்பு

பெட்ரோலைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வாங்கிக்கொண்டு வருகிற ஆளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு ஜெகன் ஒன்றில்லை, நான்கு பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து மாடிப்படியில் ஏறினான்.

"இன்னாடா இது?"

"பெட்ரோலுக்கா. எட்டு லிட்டரு."

"பாட்டில்லயா?"

"பின்ன, வெள்ளிக் குடத்துல குடுப்பானா? பெட்ரோல் பங்க் எல்லாம் மூடிக் கெடக்கு. கல்யாண மண்டபத்துல நிக்கிற பைக்குங்கள்ல இருந்து உறிஞ்சிகினு வரேன். வாயெல்லாம் எரியுது. நீ வேற."

மூன்று நாள் மழையில் நின்ற பைக்குகள். எதில் தண்ணீர் இறங்கியிருக்கும், எதில் இறங்கவில்லை, யாருக்குத் தெரியும்? ஆனால் வேறு பெட்ரோலுக்கு நான் எங்கே போவேன்?

உள்ளே என் வீட்டுக்காரர் உத்தமன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. கால் இரண்டும் வீங்கி, விரல் வைத்தால் குழி விழுகிறது. அவருக்குச் சிறுநீரகம் போய் நாலு வருஷம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் ஆவடியில் டயாலிசிஸ். சனிக்கிழமை செய்ததுதான் கடைசி. செவ்வாய்க்கிழமை படகுக்குப் பெட்ரோல் கிடைக்காமல் வாசலைத் தாண்ட முடியவில்லை. இன்றைக்கு வியாழன்.

காலையில் டயாலிசிஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. ஜெனரேட்டரில்தான் ஓட்டுகிறார்களாம். "ஒரு மணிக்குள்ள வந்துடுங்க மேடம். அதுக்கு மேல டீசல் இருக்குமான்னு எங்களாலயே சொல்ல முடியாது." ஆம்புலன்ஸ் ஹைரோடு வரைக்கும் வரும். நெமிலிச்சேரியில் எங்கள் நகரிலிருந்து ஹைரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். அது முழுக்கத் தண்ணீர். மணி பதினொன்று பத்து.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இருபத்திரண்டு வருஷமாக, மற்றவர்கள் செய்த சாமானில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். போன வெள்ளத்துக்குப் பிறகு, நகர்ச் சங்கத்தில் பணம் போட்டுப் பழவேற்காட்டிலிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றையும் சின்ன இன்ஜின் ஒன்றையும் வாங்கினார்கள். விற்றவன் பெட்ரோலுக்கு என்று ஒரு தண்ணீர் கேனைக் கொடுத்தான். மூடியில் ஓட்டை போட்டு டியூபைச் சொருகி, துணியைச் சுற்றியிருந்தது. சங்கக் கூட்டத்தில் எல்லோரும் "பரவால்ல, வேல செய்யுதில்ல" என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்!

"உக்காந்துகினு போற எடத்துல பெட்ரோல் ஆவி நிக்கணும்னா சொல்லுங்க, நான் இப்பவே எந்திரிச்சிப் போறேன்" என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டு, படகுக்கென்றே செய்த பன்னிரண்டு லிட்டர் சிவப்பு டேங்க்கை வாங்க வைத்தேன். கெட்டியான பிளாஸ்டிக், திருகு மூடி, இன்ஜினுக்குப் போகும் பைப், பைப்பின் நடுவே கையால் அமுக்க ஒரு ரப்பர் பல்ப். "டேங்க் என் பொறுப்பு. வேற யாரும் கை வெக்கக் கூடாது" என்று சொல்லி, அதைப் பூட்டி வைக்கிற பெட்டியின் சாவியையும் வாங்கிக்கொண்டேன். ஊரே சிரித்தது. சிரிக்கட்டும்.

படகை ஓட்டுவது மட்டும் ஜெகன். அவன் ஆட்டோ மெக்கானிக். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"ஊத்தட்டுமாக்கா?" என்று அவன் படகை நோக்கி இறங்கினான்.

"ஏய், படகுல வெச்சி ஊத்தாத! சிந்துனா அடியிலயே தேங்கி நிக்கும். டேங்க்க மேல எடுத்துகினு வா."

நாங்கள் மூன்று நாளாகத் தங்கியிருந்தது மேல்வீட்டு செலின் வீட்டில். எங்கள் வீடு கீழே, அதற்குள் இப்போது மீன் ஓடிக்கொண்டிருக்கும். செலினின் மகள் ரெனிதா, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களை இறக்கிவிட்டுப் படகு திரும்பி வந்ததும் அடுத்த ட்ரிப் அவர்கள்தான்.

"செலின், அடுப்ப நிறுத்து" என்றேன்.

"பால் காயுது அருளு, கொழந்தைக்கு."

"ரெண்டு நிமிஷம்மா. பெட்ரோல் ஊத்தி முடிக்கிற வரைக்கும்."

அவள் நிறுத்தினாள். மொட்டை மாடி வாசலில், மேலே கூரை உள்ள இடத்தில், டேங்க்கைத் தரையில் வைத்து, புனலில் துணி வைத்து வடிகட்டி ஊற்றச் சொன்னேன். பழைய பெட்ரோலும் கொஞ்சம் உள்ளே இருந்ததால் மூன்று பாட்டிலே போதும் என்றேன். கழுத்து வரை நிரப்பினால் வெயிலுக்கும் சூட்டுக்கும் பெட்ரோல் பொங்கி வழியும், நான்கு விரற்கடை காலி விட வேண்டும். நான்காவது பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வா என்றேன்.

"அக்கா, இது பெட்ரோலா, இல்ல அமுதமா? சோறு ஊட்டுற மாதிரி ஊட்டுறியே" என்றான் ஜெகன்.

"வாய மூடிகினு வெளிய சிந்துனத தொடைடா."

துடைத்துவிட்டு டேங்க்கைப் படகின் பின்பக்கம் இறக்கி, நகராமல் கயிற்றால் கட்டினோம். மூடியின் நடுவில் காற்றுக்கு ஒரு சின்னத் திருகு இருக்கும். பெட்ரோல் வெளியே போகப் போக உள்ளே காற்று போயாக வேண்டும். வைத்திருக்கும்போது அதை மூட வேண்டும், இல்லாவிட்டால் ஆவி வெளியே வரும். ஓட்டும்போது திறக்க வேண்டும்.

"காத்துத் திருகத் தொறந்தியா?"

"தொறந்தேன்."

"எத்தினி சுத்து?"

"ரெண்டு சுத்துக்கா. வேணும்னா உன் ஸ்கேல எடுத்தாந்து அளந்துக்கோ!"

மூடியின் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அழியாமல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பொட்டைத் தொட்டு, அம்மா தாயே, இவரைக் கொண்டு சேர்த்துவிடு என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இரண்டு பேர் தாங்கி உத்தமனைப் படகில் உட்கார வைத்தார்கள். அவர் இடது கையில்தான் ஊசி குத்துகிற ஃபிஸ்டுலா இருக்கிறது. அந்தக் கையில் அடிபட்டாலோ பாரம் இழுத்தாலோ எல்லாம் போச்சு. அதைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். மழை வலுத்தது. இன்ஜின் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

"பாத்தியா? எம்பொண்ணு எப்டி கெளம்புறா!" என்றான் ஜெகன்.

மணி பதினொன்று நாற்பது.

முதல் இரண்டு தெரு நன்றாகத்தான் போனது. மூன்றாவது தெருமுனையில்தான் எனக்குப் பயம். ஏரியிலிருந்து உபரித் தண்ணீர் வருகிற வாய்க்கால் அங்கே ரோட்டைக் குறுக்கே கடந்து ஒரு சிறுபாலத்துக்குள் நுழைகிறது. பாலம் வெளியே தெரியவில்லை. தண்ணீர் சுழித்து உள்ளே இறங்குவது மட்டும் தெரிந்தது. ஒரு குப்பைத்தொட்டி மிதந்து வந்து, அந்தச் சுழியில் ஒருமுறை நிமிர்ந்து, அப்படியே காணாமல் போனது.

சரியாக அந்த இடத்தில் இன்ஜின் இருமியது.

"ஜெகா..."

"ஒண்ணுமில்லக்கா."

மறுபடி இருமியது. நின்றுவிட்டது.

மழைச் சத்தம் மட்டும்தான். படகு மெதுவாகத் திரும்பி, பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. ஜெகன் கயிற்றை இழுத்தான். திரும்ப இழுத்தான். இன்ஜின் பிடிக்கவில்லை.

"கேட்டப் புடி! அந்த கேட்டப் புடிக்கா!" என்று கத்தினான்.

ஒரு வீட்டின் காம்பவுண்டு கேட்டு, மேல் கம்பி மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் எட்டுவதற்குள் உத்தமன் கையை நீட்டிவிட்டார். இடது கை.

"ஐயோ, அந்தக் கை வேணாம்!" என்று அலறி அவர் தோளைத் தள்ளிவிட்டு நான் கம்பியைப் பிடித்தேன். படகு இழுத்த இழுப்பில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பிடித்தேன். விடுவேனா? நாலு வருஷம் இந்த மனுஷனை ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அளந்து கொடுத்துக் காப்பாற்றி வைத்திருக்கிறேன், சாக்கடைப் பாலத்துக்கா கொடுப்பேன்?

ஜெகன் ரப்பர் பல்பை அமுக்கினான். அது சப்பையாகி அப்படியே ஒட்டிக்கொண்டது, திரும்ப உப்பவில்லை.

"பெட்ரோல் வரலக்கா. தண்ணி கலந்திருக்கும். கார்பரேட்டர்ல தண்ணி பூந்துடுச்சு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வந்ததோ. "எந்தெந்த நாதாரி பைக்குல இருந்தோ உறிஞ்சிகினு வந்தல்ல? அப்பவே நெனச்சேன்! ஒரு உசுரக் கொண்டுபோறோம்னு அறிவு வேணாம்? இவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு, உன்னச் சும்மா உட மாட்டேன், ஜெகா! உன் குடும்பமே வெளங்காது!"

எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகப் பேசுகிறவன், முகம் செத்துப்போய், பலகைக்கு அடியில் கைவிட்டு எதையோ எடுத்தான். நான் வீட்டிலேயே வைக்கச் சொன்ன நான்காவது பாட்டில். ஒளித்து எடுத்து வந்திருக்கிறான்.

"இன்ஜின் மூடியக் கழட்டி நேரா கொஞ்சம் ஊத்திப் பாக்கறேன். புடிச்சிக்கும்."

"சூடா இருக்குற இன்ஜின் மேலயாடா ஊத்தப் போற? மூணு பேரும் இங்கயே எரிஞ்சு போவோம்! அத மூடு!"

அதற்குள் மூடியைத் திறந்துவிட்டான். படகின் ஆட்டத்தில் கொஞ்சம் சிந்தியது. நாற்றம் குப்பென்று ஏறியது. உத்தமனுக்கு இருமல் வந்துவிட்டது. இருமி இருமி உதடு நீலம் பாரித்தது.

"அருளு" என்றார். "மணி இன்னா?"

"டைம் இருக்குது" என்றேன். பன்னிரண்டு ஐந்து.

ஜெகன் பாட்டிலை மூடிவிட்டு, இன்ஜின் பக்கம் திரும்பி, ஏதோ ஒரு போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான். நான் கேட்டுக் கம்பியில் என் துப்பட்டாவைச் சுற்றிப் படகோடு முடிச்சுப் போட்டேன். அப்போதுதான் டேங்க்கைப் பார்த்தேன்.

டேங்க்கின் பக்கங்கள் உள்வாங்கியிருந்தன. ஜூஸ் டப்பாவை ஸ்ட்ராவில் உறிஞ்சி முடித்தால் எப்படி ஒட்டிப்போகும், அப்படி.

இருபத்திரண்டு வருஷ உத்தியோகம் சும்மாவா? பார்த்ததுமே விளங்கிவிட்டது. பெட்ரோலில் தண்ணீர் இல்லை. உள்ளே காற்றே போகவில்லை. காற்று போகாததால் பெட்ரோல் வெளியே வரவில்லை. திருகு திறந்துதானே இருந்தது? குனிந்து பார்த்தேன். திறந்துதான் இருந்தது, ஜெகன் சொன்ன மாதிரி இரண்டு சுற்று. திருகுக்குக் கீழே இருக்க வேண்டிய ஊசிமுனை ஓட்டைதான் இல்லை. அந்த இடத்தில் சந்தனம் இருந்தது.

ஆயுத பூஜையன்று ஜெகன் டேங்க்குக்குக் கற்பூரம் காட்ட வந்தான். "பெட்ரோல் டேங்க்குக்குக் கற்பூரமா? உனக்கு மூள கீதா?" என்று விரட்டிவிட்டு, சாமி குற்றம் ஆகிவிடக் கூடாதே என்று நானே உட்கார்ந்து சந்தனம் குழைத்தேன். அவன் கற்பூரத்துக்கும் சேர்த்து ஒரு கை அதிகமாகவே அப்பினேன். வெர்னியர் வைத்து அளந்த மாதிரி மூடியின் நட்டநடுவில். நடுவில்தான் திருகு இருந்தது, அப்போது திறந்தபடி. அப்புறம் திருகைக் கெட்டியாக மூடி, டேங்க்கைப் பெட்டியில் பூட்டி வைத்தேன். ஆறு வாரமாகக் காய்ந்து கல்லாகிவிட்டது.

டேங்க் என் பொறுப்பு. வேறு யாரும் கை வைக்கவில்லை.

மூடியையே கொஞ்சம் தளர்த்தினால் காற்று போகும், ஆனால் கொட்டுகிற மழையும் சேர்ந்து போகும். தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கை இழுத்தேன். குனிந்து முதுகால் மழையை மறைத்துக்கொண்டு, திருகை முழுக்கச் சுழற்றி எடுத்து, ஊக்கு முனையால் அந்தச் சந்தனத்தைக் குத்தினேன். இரண்டு முறை வழுக்கி விரலில் ஏறியது. மூன்றாவது குத்தில் புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. டேங்க் பொட்டென்று ஒரு சத்தம் போட்டுப் பழையபடி நிமிர்ந்தது. திருகைத் திரும்பப் போட்டேன்.

ஜெகன் திரும்பிப் பார்க்கவில்லை. மழையில் அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. உத்தமன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்ப அமுக்கிப் பாரு" என்றேன்.

அமுக்கினான். உப்பியது. கெட்டியானது. கயிற்றை இழுத்தான். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"வந்துட்டாக்கா! வந்துட்டா!" என்று கத்தினான். கண்ணில் தண்ணீர். மழையா அழுகையா தெரியவில்லை. "மன்னிச்சிருக்கா. இனிமே இப்டி பெட்ரோல் எடுத்தாரவே மாட்டேன். மாமா, மன்னிச்சிடு மாமா."

இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் இவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவோம் என்று விழுங்கிவிட்டுக் கேட்டிலிருந்து துப்பட்டா முடிச்சை அவிழ்த்தேன். பொய். பயம்தான். அவன் குடும்பத்தையே இழுத்துச் சபித்த வாயால் எப்படிச் சொல்வேன்?

ஹைரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்த நிலையிலேயே உத்தமனை ஏற்றி ஆக்சிஜன் வைத்தார்கள். பன்னிரண்டு இருபத்தைந்து. ஆவடிக்கு இருபது நிமிஷம் ஆகும் என்றார் டிரைவர். நானும் ஏறினேன். கதவைச் சாத்தப் போனபோது பார்த்தேன், ஜெகன் கயிற்றை அவிழ்த்து டேங்க்கைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரச் சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

"ஏய், இன்னா பண்ற?"

"தண்ணி கலந்ததுக்கா. கவுத்துட்டு வேற எங்கனா நல்லதா கெடைக்குமான்னு பாக்கறேன். திருநின்றவூர் வரைக்கும் நடந்தாவது பாக்கறேன். இத நம்பி ரெனிதா கொழந்தைய ஏத்த மாட்டேன்." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ சொன்னது கரெக்ட்தான். ஒரு உசுரு சமாசாரம்."

திருநின்றவூர் வரைக்கும் நடந்தால் போய் வர மூன்று மணி நேரம். காய்ச்சலில் கிடக்கிற கைக்குழந்தை அதுவரைக்கும் அங்கேயே கிடக்கும். நல்ல பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டப் போகிறான், நான் சொன்ன சொல்லுக்காக.

இவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. நான் இறங்கினால் ஆம்புலன்ஸ் கிளம்புவது அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்.

உத்தமன் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார். "போய்ச் சொல்லிட்டு வா."

"இன்னாத்த?"

"சந்தனம்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் தாங்கிக்குவேன். போ."

டிரைவர் என்னமோ சொன்னார், காதில் விழவில்லை. குதித்து ஓடினேன். ஜெகன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் கையோடு சேர்த்துப் பிடித்தேன்.

"கொட்டாத. பெட்ரோல் நல்லாத்தான் கீது. தப்பு என்னுது. பூஜைக்குப் பொட்டு வெச்சேன் பாரு, அது காத்து ஓட்டைய அடச்சிகினு இருந்துச்சு. நான்தான் குத்தி எடுத்தேன். நீ பாக்கல. உன்ன அவ்ளோ பேசிட்டு, வாயத் தொறக்காம வந்துட்டேன்."

அவன் மூடியைப் பார்த்தான். குத்தின தடம் இருந்தது, ஓரத்தில் என் விரல் ரத்தம் இருந்தது. என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தால குத்துன?"

தாலிச் சரட்டிலிருந்த ஊக்கைக் காட்டினேன்.

"அதக் குடுத்துட்டுப் போ" என்றான். "உள்ள இன்னும் ஒட்டிகினு இருக்கும். கொழந்தைய ஏத்துறதுக்கு முன்னாடி சுத்தமா எடுத்துடறேன்."

கழற்றிக் கொடுத்தேன். அவன் அதைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு, டேங்க்கைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு உத்தமனைச் சாய்த்தால் படுக்கையாகிற டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் இடது கையில் ஊசியைக் குத்தி, டியூபை மெஷினில் மாட்டினாள். வழக்கமாக நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு அந்தக் கிளிப் திறந்திருக்கிறதா, இந்த டியூப் மடங்கியிருக்கிறதா என்று அவளைப் பிடுங்கி எடுப்பேன். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளே ஒருமாதிரி பார்த்தாள்.

இரண்டரை மணிக்கு ஜெகன் போன் செய்தான்.

"கொழந்தைய ஹைரோட்டுல ஏத்திட்டேன். இன்ஜின் ஒருவாட்டி கூட நிக்கல. மாமா எப்டி கீறாரு?"

"தூங்கறாரு. படுத்துகினே தூங்கறாருடா."

"சரிக்கா. டேங்க் சாவி உன் கைலதான கீது? பத்திரமா வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.